காலூன்ற இரண்டு அங்குலம்

சென்ற வருடம் கார்த்திகை மாதம். முந்தின இரவு நல்ல மழை பெய்து, காலையில் சுள்ளென்று வெயில் அடித்தது. இடைசெவலுக்கு மேற்கே என் மனைவிக்குப் பிறந்த வீட்டுப் பங்காக வந்த இரண்டு ஏக்கர் மானாவாரிப் புஞ்சை இருக்கிறது. வாரத்துக்கு விட்டிருக்கிறோம். "உளுந்து எப்படி நிக்குதுன்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருவமே" என்றாள். வண்டியை எடுத்தேன். கோவில்பட்டியிலிருந்து நான்குவழிச் சாலையில் பத்து கிலோமீட்டர் போல. பிறகு கிராமத்துத் தார் ரோடு. அதற்கும் பிறகு வண்டிப்பாதை.

வண்டிப்பாதையில் நூறு கஜம்கூடப் போயிருக்க மாட்டோம். எதிரே ஆட்டுக் கூட்டம் வந்தது. நிறுத்தினேன். நிறுத்தியதும் வழக்கம்போல இடது காலைக் கீழே விட்டேன். அங்கே தரை இல்லை. டிராக்டர் டயர் பதிந்த தடம் அரை அடிக்குப் பள்ளமாகக் கிடந்திருக்கிறது. மேலே தண்ணீர் தேங்கி, பார்வைக்குச் சமதரை போல இருந்தது. கால் தரையைத் தேடிப் போவதற்குள் வண்டி சாய ஆரம்பித்துவிட்டது. சாய ஆரம்பித்த வண்டியை எழுபத்து மூன்று வயதில் யாரும் தாங்கிப் பிடிக்க முடியாது. வேகத்தில் விழுந்தால் விபத்து என்று சொல்லிக்கொள்ளலாம். நின்ற இடத்தில், ஆடுகள் பார்த்துக்கொண்டிருக்க, மெதுவாக, மரியாதையாகச் சரிந்து விழுவதற்கு என்ன பெயர் சொல்வது?

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கரிசல் மெத்தை போல வாங்கிக்கொண்டது. ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்த அவள் இடது கையை ஊன்றி விழுந்தாள். ஆட்டுக்காரர் ஓடிவந்து வண்டியைத் தூக்கி நிறுத்தி, "அய்யா, முன்னாடியே எறங்கி உருட்டிட்டு வந்திருக்கலாம்ல" என்றார். எக்ஸ்ரே எடுத்ததில் மணிக்கட்டில் கோடு விட்டிருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அன்று ராத்திரியே பெங்களூரிலிருந்து மகன் பேசினான். திருநெல்வேலியிலிருந்து மகள் நேரிலேயே வந்துவிட்டாள். இருவருக்கும் ஒரே வார்த்தைதான்: "வண்டியை வித்துருங்கப்பா." ஆட்டோ இருக்கிறது, பஸ் இருக்கிறது, கூப்பிட்டால் கார் வருகிறது, இந்த வயதில் எதற்கு பைக்? எல்லாம் சரிதான். ஆனால் புஞ்சைக்குப் பஸ் போகாது. வங்கி, மருந்துக்கடை, மார்க்கெட், மாதம் ஒரு தடவை கழுகுமலை என்று எல்லாமே அந்த வண்டியில்தான். நான் பதில் பேசவில்லை. மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கும் மனைவியை எதிரே வைத்துக்கொண்டு என்ன வாதாடுவது?

பிள்ளைகள் போன பிறகு அவள்தான் கேட்டாள். "கால் எட்டலையா ஒங்களுக்கு?"

"பள்ளம் இருந்துச்சு."

"பள்ளத்தக் கேக்கல. சாதாரணமா நிப்பாட்டும்போது எட்டுதா எட்டலையா?"

எட்டவில்லை என்பதை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன். 1998-ல் முதல் ஸ்ப்ளெண்டர் வாங்கினேன், 2014-ல் இரண்டாவது. இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு சிக்னலிலும், ஒவ்வொரு ரயில்வே கேட்டிலும் நுனிக்காலில்தான் நின்றிருக்கிறேன். ஒருவரிடமும் சொன்னதில்லை. அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "என்னயப் பின்னாடி வச்சுக்கிட்டுல்ல நுனிக்கால்ல நின்னிருக்கீக" என்றாள். கோபமா, வருத்தமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். "விக்க வேண்டாம். கால் எட்டுற மாதிரி எறக்குங்க."

உயர விஷயத்தில் எனக்கு ஒரு ரோஷம் உண்டு. அவள் என்னைவிட அரை அங்குலம் உயரம். அதைக் கல்யாணத்தன்று என் மாமியார்தான் கண்டுபிடித்தார். என் மைத்துனர் ஆறடி. அவருடைய புல்லட்டில் ஒரு நாள் ஏறி உட்கார்ந்தபோது இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கியதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு அந்தத் தெருவுக்கே கேட்டது. பிறகு நான் புல்லட் பக்கமே போகவில்லை.

அரசாங்க உத்தியோகம் பார்த்தவனுக்கு எதையும் அளந்து பதிவு செய்யாவிட்டால் தூக்கம் வராது. தபால் துறையில் 1973-ல் சேர்ந்தபோது பணிப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் உயரம் எழுதினார்கள், காலணி இல்லாமல் 162 செ.மீ. என்று. இப்போது சுவரில் நின்று அளந்தால் 159. மூன்று சென்டிமீட்டர் எங்கே போயிற்று என்று எலும்பு மருத்துவரிடம் கேட்டேன். அது முதுகெலும்பின் இடைத்தட்டுகள் தேய்வதால் வருவது, கால் எலும்பு குட்டையாவதில்லை என்றார். அப்படியானால் முன்னைவிட இப்போது ஏன் கால் எட்டவில்லை? என்னைப் படுக்க வைத்து இரண்டு முழங்கால்களையும் அமுக்கிப் பார்த்தார். வலது கால் கட்டிலில் பதிந்தது. இடது கால் பதியவில்லை, முழங்காலுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி. கால் குறையவில்லை, நீட்டத்தான் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து, கவட்டிலிருந்து தரைவரை உள்ள அளவையும் எடுத்தேன். இதற்கு ஒரு முறை உண்டு. சுவரில் முதுகு சாய்ந்து, செருப்பில்லாமல் நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே மேலே இறுக்கி வைத்து, அதன் மேல் விளிம்பைச் சுவரில் குறித்து அளக்க வேண்டும். வீட்டிலிருந்த கெட்டி அட்டைப் புத்தகம் பள்ளிக்கூட நாளைய லரூஸ் அகராதிதான். எனக்கு பிரெஞ்சு சொல்லித் தந்த ஆசிரியர் மேலோகத்திலிருந்து பார்த்திருந்தால் முட்டி போடச் சொல்லியிருப்பார். அளவு 72 செ.மீ. ஸ்ப்ளெண்டரின் இருக்கை உயரம் 78.5. நாம் உட்கார்ந்தால் ஸ்பிரிங்கும் பஞ்சும் சேர்ந்து மூன்று, மூன்றரை அமிழும். செருப்பு ஒரு இரண்டு தரும். ஆக, கணக்குப்படி எனக்கு ஒன்றரை செ.மீ. துண்டு விழுகிறது. ஆனால் கால் இருக்கையின் நடுவிலிருந்து நேராகத் தொங்குவதில்லை, இருக்கையின் அகலத்தைச் சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறது. அகலமான இருக்கை என்றால் அதில் இன்னும் ஒன்றிரண்டு போய்விடும். மொத்தத்தில் இரண்டு அங்குலம் கிடைத்தால் பாதம் முழுசாகப் பதியும் என்று ஒரு தாளில் எழுதி வைத்தேன்.

லரூஸைத் திரும்ப அலமாரியில் வைக்கும்போது பழைய நினைவு ஒன்று வந்தது. புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். 1962 ஆகஸ்டில் சட்டப்படி இணைப்பு நடந்தபோது எனக்குப் பதினொரு வயது. பள்ளியில் 'பியேத்தாத்தேர்' என்று ஒரு சொல் சொல்லித் தந்தார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் தரையில் கால் என்று பொருள். குதிரையிலிருந்து இறங்கிக் கால் பதிப்பதற்கும் அதே சொற்கள், வெளியூரில் வந்து போவதற்கு வைத்திருக்கும் சின்ன வீட்டுக்கும் அதே பெயர். கோவில்பட்டிக்கு மாற்றல் வந்தபோது அப்படித்தான் நினைத்து வந்தேன். ஒரே ஓர் அறை, இரண்டு வருடம், பிறகு ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று. இந்த ஊர்க்காரியைக் கட்டி, இங்கேயே ஓய்வும் பெற்று, இப்போது புதுச்சேரிக்குப் போனால்தான் லாட்ஜில் தங்குகிறேன். இடைசெவல் கி.ரா. எனக்கு நேர் எதிர். கரிசலிலிருந்து புதுச்சேரிக்குப் போய் அங்கேயே தங்கி, 2021 மே மாதம் அங்கேயே காலமாகி, உடலாக இடைசெவலுக்கு வந்தார். எங்கள் புஞ்சைக்குப் போகிற வழியில்தான் அவருடைய ஊர்.

சிறு வயதில் நான் பழகியதெல்லாம் வாடகை சைக்கிள். மணிக்கணக்கில் எடுத்து, பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்கு பெடல் அடித்துக் கற்றவன்தான் நானும். பிரான்சில் பட்டாளத்திலிருந்து திரும்பிய எங்கள் தெரு சொல்தா ஒருவரிடம் 'மொபிலெத்' என்ற மோட்டார் சைக்கிள் இருந்தது. சைக்கிளைப் போலவே மெலிவானது, ஏறி உட்கார்ந்தால் சிறுவன் கால்கூட எட்டும். கோவில்பட்டிக்கு வந்த புதிதில் சுவேகா மொபெட்டைப் பார்த்ததும், எங்கள் தெரு வண்டி இங்கே எப்படி வந்தது என்று திகைத்தேன். விசாரித்ததில் அது சரிதான். திருப்பதியில் இருந்த கம்பெனி பிரான்சின் மொத்தோபெக்கான் நிறுவனத்திடம் உரிமம் வாங்கிச் செய்த வண்டி அது. பிற்பாடு ஒரு பழைய சுவேகா வாங்கி ஏழெட்டு வருடம் ஓட்டினேன். அதில் ஒரு நாளும் கால் எட்டாமல் இருந்ததில்லை. பைக்குக்கு மாறியது குடும்பம் பெருகியதால். கொஞ்சம் கௌரவமும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

முதலில் போன ஒர்க்ஷாப்பின் பெயரை எழுதப் போவதில்லை. விஷயத்தைச் சொன்னதும், "அதுக்கென்ன சார், பின்னாடி ரெண்டு ஷாக்கப்சரையும் கழட்டிட்டுக் குட்டையா ரெண்டு மாட்டிருவோம். ஒரு மணி நேர வேலை" என்றார்கள். இரண்டு அங்குலம் குட்டையான ஜோடி ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து மாட்டினார்கள். கூலியும் சேர்த்து 1,800 ரூபாய். ஏறி உட்கார்ந்தேன். பாதம் முன்னைவிடப் பதிந்தது. ஆனாலும் நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. யோசித்தால் காரணம் புரிந்தது. இரண்டு அங்குலம் இறங்கியது பின் சக்கரத்துக்கு மேலே. நான் உட்காருவது இரண்டு சக்கரத்துக்கும் இடையில். ஏற்றப்பலகையில் ஒரு முனையை இரண்டு அங்குலம் இறக்கினால் நடுவில் இரண்டு இறங்காது. எனக்குக் கிடைத்தது ஒன்றேகால்தான்.

ஒன்றேகாலுக்கு நான் கொடுத்த விலை என்னவென்று அடுத்த பத்து நாளில் தெரிந்தது. முதலில் சைடு ஸ்டாண்டு. வண்டி இறங்கிவிட்டது, ஸ்டாண்டு அதே நீளம். ஆக, இடது பக்கம் சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி நெட்டுக்குத்தாக நிற்கிறது. எட்டயபுரம் ரோட்டில் டீக்கடை முன்னால் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். ஒரு காற்றுதான் அடித்தது. வண்டி வலது பக்கம் போய் பெஞ்சில் விழுந்தது. நல்லவேளை, பெஞ்சில் யாரும் இல்லை. சென்டர் ஸ்டாண்டு போடுவது அதைவிட மோசம், முன்னைவிட அதிக உயரம் தூக்கினால்தான் ஏறும். பிறகு ஹெட்லைட். பின்பக்கம் தாழ்ந்ததால் முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. எதிரே வருகிற லாரிக்காரர்கள் எல்லாரும் விளக்கைச் சிமிட்டி என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள். நான்குவழிச் சாலையில் ஹேண்டில்பார் லேசாக, பிடிமானம் இல்லாதது போல இருந்தது. ஒரு மாதம் கழித்து, மாவுக்கட்டைப் பிரித்த அன்று, மனைவியை ஏற்றிக்கொண்டு ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினேன். பின் டயர் மட்கார்டில் 'சர்ர்' என்று உரசியது. வீடுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

வெளியூர் வாசகர்களுக்காகக் கரிசலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோடையில் இந்த மண் கைநுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை பட்டால் உப்பிச் சேர்ந்து மாவாகிவிடும். அந்தக் களிமண்ணின் குணம் அது. நனைந்த கரிசலில் பத்து எட்டு நடந்தால் செருப்புக்கு அடியில் இரண்டு அங்குலம் அப்பிக்கொள்ளும். (எனக்கு வேண்டிய இரண்டு அங்குலத்தை இந்த மண்ணே இலவசமாகத் தருகிறது என்று மனைவி கேலி செய்தாள்.) வண்டியில் போனால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அடைத்து அடைத்துக் கடைசியில் சக்கரம் சுற்றாது. அதனால்தான் இந்தப் பக்கத்து சம்சாரிகள் வண்டியில் ஒரு குச்சி சொருகி வைத்திருப்பார்கள், நோண்டி எடுக்க. சிலர் முன் மட்கார்டையே கழற்றி வைத்துவிடுவார்கள். கரிசல் காட்டுக்குப் போகிற வண்டி உயரமாக இருக்க வேண்டும். மண்ணுக்கு வேண்டியது ஒன்று, என் காலுக்கு வேண்டியது இன்னொன்று. ஒர்க்ஷாப்பில் என் காலைத்தான் பார்த்தார்கள், எந்த ஊர் மண்ணில் ஓடுகிற வண்டி என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்னொன்றும் உறுத்தியது. சட்டப்படி இது சரியா? மோட்டார் வாகனச் சட்டம் 1988-ஐ எடுத்துப் பிரிவு 52-ஐப் படித்தேன். தயாரிப்பாளர் தந்த மூல அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்து வழக்கொன்றில் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. இருக்கைப் பஞ்சைச் சீவியதற்காக ஒருவரும் என்னைப் பிடிக்கப் போவதில்லை. ஆனால் வேறு வண்டியின் ஷாக்கப்சரை மாட்டிக்கொண்டு ஏதாவது மோதல் ஆகி, இன்சூரன்ஸ்காரர் வந்து குனிந்து பார்த்தால்? முப்பத்தெட்டு வருடம் பிறருடைய படிவத்தில் குற்றம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவன் நான். என் படிவத்தை அப்படி ஒருவர் திருப்புவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அதன் பிறகு போனது என் பழைய மெக்கானிக்கிடம். முதலிலேயே அவரிடம் போகாததற்குக் காரணம் வெட்கம்தான். இருபது வருடமாக என் வண்டியைப் பார்க்கிறவரிடம் போய்க் கால் எட்டவில்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. "வாரத்துக்கு ரெண்டு பேரு வாராங்க சார். யாரும் கால் குட்டைன்னு சொல்ல மாட்டாங்க, வண்டி ஒசரமா இருக்குன்னுதான் சொல்வாங்க" என்றார்.

முதல் காரியமாகக் குட்டை ஷாக்கப்சரைக் கழற்றிப் பழைய ஜோடியை மாட்டினார். "இறக்குறதுன்னா முன்னாடியும் பின்னாடியும் ஒரே அளவா இறங்கணும் சார். பெரிய பைக்குல முன் ஃபோர்க்கு பைப்ப மேல தள்ளி அதையும் சேத்து எறக்குவாங்க. ஸ்டாண்டையும் வெட்டிக் குட்டை பண்ணணும். ஒங்களுக்கு அதெல்லாம் தேவையில்ல" என்றார். பிறகு பழைய ஷாக்கப்சரின் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் வளையத்தைக் காட்டினார். அதில் ஐந்து படிகள் உண்டு. என்னுடையது நான்காவது படியில் இருந்தது. எப்போதோ உளுந்து மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த காலத்தில் ஏற்றி வைத்தது. அப்படியே மறந்துபோய்விட்டது. படியை ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். அதை முன்கூட்டியே எவ்வளவு அமுக்கி வைக்கிறோம் என்பதுதான் மாறுகிறது. மேல்படியில் வைத்தால் நாம் ஏறி உட்கார்ந்தாலும் வண்டி அமிழாது, கீழ்ப்படியில் வைத்தால் நன்றாக அமிழும். ஒன்றாம் படியில் வைத்துப் பார்த்தோம். எனக்கு ஒரு விரல்கனம் கிடைத்தது. மனைவியும் ஏறிக்கொண்டால் பள்ளத்தில் 'டக்'கென்று அடித்தது. இரண்டாம் படியில் நிறுத்தினார். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

அடுத்து சீட்டு. பஸ் நிலையம் போகிற வழியில் சீட் கவர் தைக்கிற ஒருவரிடம் அனுப்பினார். அவர் ரெக்சினைப் பிரித்து, என்னை வெறும் பஞ்சின் மேல் உட்காரச் சொல்லி, இரண்டு தொடையும் படுகிற இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார். நீளக் கத்தியால் மேலே மூன்று செ.மீ. சீவினார். அதைவிட முக்கியமானது முன்பக்கத்து ஓரங்களைச் சரிவாகச் சீவியது. இருக்கை முன்னால் ஒடுங்கியதும் கால் சுற்றிக்கொள்ளாமல் நேராக இறங்கியது. மெல்லிய பஞ்சு சீக்கிரம் நொறுங்கி அடியில் இருக்கிற தகடு உறுத்தும் என்று, ஓர் அடுக்கு கெட்டி ஃபோம் வைத்து ஒட்டித் தைத்தார். 650 ரூபாய். மாலை நான்கு மணிக்குக் கொடுத்து ஆறு மணிக்கு வாங்கிவிட்டேன்.

பின்பக்கத்தையும் கொஞ்சம் சீவிவிடலாம், கை ஊன்றி ஏற அவளுக்குச் சௌகரியமாக இருக்கும் என்று நினைத்து, மனைவிக்குப் போன் போட்டேன். "என் பக்கம் தொடாதீக. ஒசரமாவே இருக்கட்டும். ஒங்க தலைக்கு மேல ரோடு தெரியுது" என்றாள். இத்தனை வருடமும் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். மேலே இருந்து மேற்பார்வை பார்த்திருக்கிறாள்.

இவ்வளவும் செய்த பிறகு மெக்கானிக் சாவியைக் கையில் கொடுக்கவில்லை. "நாளைக்குக் காலையில பள்ளிக்கூட கிரவுண்டுக்கு வாங்க சார்" என்றார். மறுநாள் ஆறு மணிக்கு எழுபத்து நான்கு வயது மாணவனாகப் போய் நின்றேன். இருபது தடவை ஓட்டி வந்து நிறுத்தச் சொன்னார். இரண்டு காலும் தரையில் பட வேண்டும் என்ற எண்ணத்தையே விட்டுவிடச் சொன்னார். வலது கால் பின் பிரேக்கில் இருக்கட்டும், நிற்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே இடுப்பை இடது பக்கம் ஒரு விரலளவு நகர்த்திக்கொண்டால் இடது பாதம் முழுசாகப் பதியும். அது வந்துவிட்டது. பிறகு அவர் ரோட்டுக்குக் கூட்டிப் போய்க் காட்டியதுதான் எனக்குப் பெரிய பாடம்.

நம்முடைய சாலைகள் மழைத்தண்ணீர் வடிவதற்காக நடுவில் மேடாக, ஓரத்தில் சரிவாக இருக்கும். நாம் இடது ஓரமாகப் போகிறோம். ஓரமாக நிறுத்தி இடது காலை விட்டால், அந்தப் பக்கம்தான் தரை தாழ்ந்திருக்கும். தாருக்கும் மண் ஓரத்துக்கும் நடுவே இன்னும் மூன்று நான்கு அங்குல இறக்கம் வேறு. சீட்டில் சீவி எடுத்த ஒன்றேகால் அங்குலத்தை ஒரே ஒரு தப்பான இடத்தில் நிறுத்தி மொத்தமாகத் தொலைத்துவிடலாம். ஐம்பது வருடம் இரண்டு சக்கரம் ஓட்டியிருக்கிறேன். இது எனக்கு உறைத்ததே இல்லை. "நிப்பாட்டுற எடத்தப் பத்தடிக்கு முன்னாடியே பாத்து வச்சுக்கிடணும் சார். எடது பக்கம் பள்ளமா இருந்தா, முன் பிரேக்கப் பிடிச்சுக்கிட்டு வலது கால விடுங்க" என்றார். வண்டிப்பாதையில் அன்று வலது காலை விட்டிருந்தால் நடுமேட்டில் ஊன்றியிருக்கும். ஆடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், தரையைப் பார்க்கவில்லை.

கோடை விடுமுறைக்கு வந்த பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவன் போனில் ஒரு படம் காட்டினான். ஹார்லி டேவிட்சன் கம்பெனி 2021-ல் விட்ட பான் அமெரிக்கா என்ற பைக்கில், நிற்கப் போகிற நேரத்தில் தானாகவே இறங்கிக்கொடுக்கிற வசதி இருக்கிறதாம். கிளம்பினால் திரும்ப உயர்ந்துகொள்ளும். யானை மண்டி போட்டுப் பாகனை ஏற்றிக்கொள்வது போல. சென்னையில் 2024-ல் விட்ட தாழ்தளப் பேருந்துகளும் நிறுத்தத்தில் ஒரு பக்கம் சாய்ந்து கொடுக்கிறதாம். நம் கம்பெனிகளும் சும்மா இல்லை. ராயல் என்ஃபீல்டின் புது ஹிமாலயனில் இருக்கையை 825 மில்லிமீட்டரிலோ 845-லோ நாமே வைத்துக்கொள்ளலாம் என்றான். 825 என்பது எனக்குக் கோபுரம். ஆனாலும் வண்டி ஆளுக்கேற்ப இறங்கி வர வேண்டும் என்று யாரோ யோசிக்கிறார்கள் என்பதில் ஒரு திருப்தி. "தாத்தா, நீங்க அறுநூத்தம்பது ரூபாயில முடிச்சிட்டீங்க" என்றான் பேரன். முன்னால் வீணடித்த 1,800-ஐ அவனிடம் நான் சொல்லவில்லை.

இந்த ஐப்பசியில் மழை பெய்த மறுநாள் புஞ்சைக்குப் போகலாமா என்று நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், மேல்மண் கொஞ்சம் காய்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக் கிளம்பினோம். தார் ரோடு முடிகிற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். இடது பாதம் குதிகாலோடு பதிந்தது. அவள் இறங்கி, சீட்டுக்கு அடியில் சொருகியிருந்த மண் நோண்டும் குச்சியை உருவி எடுத்துக்கொண்டு, "நீங்க உருட்டிட்டு வாங்க. நான் முன்னால போயிப் பள்ளத்தப் பாக்குதேன்" என்று வண்டிப்பாதையில் நடந்தாள். நான் என்ஜினை அணைக்காமல், முதல் கியரில், இரண்டு காலையும் தரையில் தட்டித் தட்டிக்கொண்டு வாத்து மாதிரிப் பின்னாலேயே போனேன். பழைய இடம் வந்ததும் குச்சியால் தண்ணீரைக் குத்திக் காட்டி, "இங்கதான்" என்றாள்.

வரும் மார்ச்சில் எனக்கு எழுபத்தைந்து. லைசென்ஸ் அதோடு முடிகிறது. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் ஐந்தைந்து வருடமாகத்தான் புதுப்பித்துத் தருகிறார்கள். மருத்துவச் சான்றுக்கான படிவம் 1ஏ-யைப் பூர்த்தி செய்து, புகைப்படமும் ஒட்டி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மருத்துவர் கையெழுத்துதான் பாக்கி. இடது முழங்காலைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவதாக இருக்கிறேன். மகனிடம் இன்னும் பேசவில்லை. தீபாவளிக்கு வந்தபோது வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான், சீட்டைக் கையால் அமுக்கிப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

உளுந்து இந்த வருடம் நன்றாக நிற்கிறது.